நீக்கியும் போகாத மணமகள்

எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் கழித்து என்னைப் பெண் கேட்டு ஒரு போன் வந்தது. எடுத்தவர் என் மாமியார்.

அப்போது நான் இடமாற்றம் வாங்கிக்கொண்டு மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அக்கரப்பத்தனையில் அம்மா வீட்டில் இருந்த, வயர் இல்லாத வீட்டு போனைக் கல்யாணத்தோடு கையோடு கொண்டுவந்திருந்தேன். சன்னல் ஓரம் வைத்தால்தான் அதற்குச் சிக்னல் கிடைக்கும். மாமியார் கீரை ஆய உட்காரும் இடமும் அதுதான். எனவே எனக்கு வரும் எந்தச் செய்தியும் முதலில் அவர் காதுக்குப் போய்த்தான் என்னிடம் வரும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து குடையை மடக்கக்கூட இல்லை. "இந்தாம்மா, ஒன்னய பொண்ணு கேக்குறாங்க. நீயே பேசு" என்று ரிசீவரை நீட்டினார்.

மறுமுனையில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். "பிள்ளை, நீங்கள்தானே அந்த ரீச்சர்? இன்ரநெற்றில உங்கட படம் பார்த்தனாங்கள். தம்பிக்கு ரெண்டாந்தாரம்தான், ஆனா வயசு பெரிசாப் போகேல்லை. லண்டனில நிக்கிறார்."

"எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க."

"அப்ப ஏன் பிள்ளை இன்னும் போட்டு வச்சிருக்கிறியள்?" என்று என்னைக் கடிந்துகொண்டு வைத்துவிட்டார்.

போட்டு வைத்தது நானில்லை, அக்காவின் புருஷன். கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த அத்தான், கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தீபாவளிக்கு வந்தபோது, "இனிமே தரகரெல்லாம் வேண்டியதில்ல" என்று சொல்லி ஹட்டனில் இருந்த ஒரு நெட் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். ஆசிரியர் நியமனத்துக்காக நுவரெலியா ஸ்டூடியோவில் எடுத்த படம் பையில் இருந்தது. அக்காவின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, எதையோ பறிகொடுத்தவள் மாதிரி அதில் இருப்பேன். அத்தான் அதை ஸ்கேன் செய்து ஒரு கல்யாணத் தளத்தில் ஏற்றி, மாநிறம், அடக்கமானவள், பாடுவாள் என்றெல்லாம் எழுதி, வீட்டு போன் எண்ணையும் போட்டார். நான் பாடமாட்டேன். சொன்னால், "அதெல்லாம் யாரு கேக்கப் போறா" என்றார்.

கடைசியில் சம்பந்தம் வந்தது கோயில் திருவிழாவில், யாரோ ஒரு பெரியம்மா மூலமாக. நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த அத்தானை மறுநாளே அந்த நெட் கடைக்குக் கூட்டிப்போய்க் கணக்கை நீக்கச் சொன்னேன். 'உங்கள் கணக்கு நீக்கப்பட்டது' என்று திரையில் வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அத்தோடு அது முடிந்தது என்று நம்பியிருந்தேன்.

லண்டன் தம்பிக்குப் பிறகு மட்டக்களப்பிலிருந்து ஒருவர் கேட்டார். அடுத்து யாரோ ஓர் ஆள், பேர் சொல்லாமல், "நீங்க பாடுவீங்களாமே?" என்றான். மாமியார் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். போன் அடித்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரி வந்து, "மருமக படம் கம்பியூட்டர்ல இருக்காமே?" என்று கேட்டுவிட்டுப் போன அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கணவர் ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் இருந்தார். எதற்கும் பதறாத மனுஷன், அதுவே எனக்குப் பெரிய எரிச்சல். "அழிச்சிட்டதாத்தானே சொல்ற, அப்ப எப்படி வரும்?" என்றார். "அதத்தான் நானும் கேக்குறேன்" என்று கத்திவிட்டேன். அந்தச் சனிக்கிழமை இரண்டு பேருமாக அதே நெட் கடைக்குப் போனோம்.

பழைய தளத்தில் என் பக்கம் இல்லை. உண்மையாகவே நீக்கியிருந்தார்கள். ஆனால் என் பேரைப் போட்டுத் தேடினால் வேறொரு தளத்தில் அதே நீலச் சேலையில் நான் இருந்தேன். முன்னதில் இருந்த எல்லாப் பெண்களையும் அப்படியே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கடைக்காரர் ஒரு சிங்கள அண்ணன், தமிழ் ஓரளவு பேசுவார். "டிலீட் பண்ணினா நம்மகிட்ட இருந்து தான் போறது மிஸ். எடுத்தவங்ககிட்ட இருக்கும்" என்றார்.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"அந்த சைட்டுக்கு எழுதிப் பாருங்க."

எழுதினோம். நீங்கள்தான் அந்தப் பெண் என்பதற்கு அத்தாட்சியாக, முதலில் கொடுத்த மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள் என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை எனக்காகத் திறந்தவரும் அத்தான்தான். கொழும்புக்குப் போன் போட்டேன். "அட போம்மா, அந்த பாஸ்வேர்டெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? ஒம் பேரோட என்னமோ சேத்துப் போட்டேன்" என்றார். என்னென்னவோ சேர்த்துப் பார்த்தோம். கடைசியில் வந்த அறிவிப்பு இதுதான்: நீண்ட நாள் பயன்படுத்தாததால் இந்த மின்னஞ்சல் மூடப்பட்டு, உள்ளே இருந்தவை எல்லாம் அழிக்கப்பட்டன.

எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. அழிக்கச் சொன்னது அழியாமல் நிற்கிறது. யாரும் அழிக்கச் சொல்லாதது தானாக அழிந்துவிட்டது. இதில் யாரைப் பிடித்து யாரிடம் கேட்பது?

இனி அந்தத் தளத்திலேயே புகார் கொடுக்கலாம் என்றால், உறுப்பினராக இருந்தால்தான் முடியும். நான் சேரப் போனேன். 'இந்தத் தொலைபேசி எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்றது. "சரி, மருந்துக் கடை நம்பர்ல நான் சேருறேன்" என்று கணவர் உட்கார்ந்தார். அங்கே மணமானவர் என்று போட வழியே இல்லை. மணமாகாதவர், மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர் என்று மூன்றே வகை. என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மணமாகாதவர் என்பதை அழுத்தினார்.

உடனே 'உங்களுக்குப் பொருத்தமான மணமகள்கள்' என்று ஒரு வரிசை விரிந்தது. முதல் படம் என்னுடையது.

"பொருத்தம் நல்லாத்தான் பாத்திருக்காங்க" என்றார். கடைக்கார அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மொதல்ல புகாரை எழுதுங்க" என்றேன்.

புகாருக்குப் பலன் இருந்தது. சில வாரத்தில் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் கொஞ்ச நாளில் இன்னொரு தளத்தில் அதே முகம், வேறொரு பேரில், திருச்சிக்காரியாக, தனியார் கம்பனியில் வேலை என்று வந்தது. அதைப் பார்த்தபோது கோபத்தைவிட ஒரு மாதிரி அசதிதான் வந்தது. நான் அரிசி களைந்து, பிள்ளைகளின் கொப்பி திருத்தி, வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் எங்கேயோ அதே வயதில், கடன் வாங்கிய சேலையில் மாப்பிள்ளைக்குக் காத்திருந்தாள். அவளை அதற்குமேல் துரத்த எனக்குத் தெம்பில்லை.

வயிற்றில் ஏழாம் மாதம் நடக்கும்போது பதுளையிலிருந்து ஒரு தகப்பனார் பேசினார். இந்த முறை கேட்டது என் கணவரை; மருந்துக் கடையில் கேட்டு வீட்டு எண்ணை வாங்கியிருந்தார். புகார் எழுதிய கையோடு என் கணவர் தன் கணக்கையும் நீக்கியிருந்தார். மாமியார் சன்னலோரம் நின்று வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எம் மகந்தாங்க. கல்யாணம் ஆயிருச்சுங்க, மருமக இந்தா பக்கத்துல நிக்கிறா, மாசமா இருக்கா. இல்லீங்க, பொய்யெல்லாம் சொல்லலீங்க. அது அழிச்சாலும் போவாதுங்களாம், அந்தப் புள்ளையும் எழுதி எழுதி ஓஞ்சு போச்சு. ஒங்க மக படத்த போடுறதுன்னா பாத்துப் போடுங்க."

போனை வைத்தார். பிறகு, "நிக்காதம்மா, ஒக்காரு" என்று தான் கீரை ஆய உட்காரும் பலகையை என் பக்கம் நகர்த்தினார்.

மறு வாரமே அந்த போனைக் கம்பனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எண் வாங்கினோம். பழைய எண்ணை இப்போது யார் வைத்திருக்கிறார்களோ, லண்டன் தம்பிகளுக்கு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்களோ, எனக்குத் தெரியாது.