குறிப்புப் பெட்டியில் நான் எழுதி வைத்தது

உப்பு பாக்கெட் போடும் கொட்டகைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். போனில் பேசுவதுதான் என் வேலை. ஜில்லா முழுக்க உள்ள மளிகைக் கடை அண்ணாச்சிகளைக் கூப்பிட்டு, இந்த மாதம் எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே மூட்டையைக் கேட்டால் நம் பக்கத்து ஆட்கள் மதிக்க மாட்டார்கள். முதலில் வீட்டை விசாரிக்க வேண்டும். மூட்டுவலி தேவலையா, மகன் பரீட்சை எப்படி எழுதினான், தசராவுக்கு மாலை போட்டாச்சா. அப்புறம்தான் உப்பு.

இருநூறு வீட்டுக் கதையை மண்டையில் வைத்துக்கொள்ள முடியுமா? வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் சி.ஆர்.எம். சாஃப்ட்வேரில், ஒவ்வொரு கடையின் பெயருக்குக் கீழும் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி உண்டு. அதில் எழுதி வைப்பேன். நான் லீவு போடும் நாளில் என் இடத்தில் உட்காருகிறவள் அதைப் பார்த்துப் பேசிக்கொள்வாள்.

ஆழ்வார்திருநகரியில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். பல வருஷப் பழக்கம், நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போன வைகாசியில் அவருடைய ஆர்டர் பாதியாகக் குறைந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "வேற யார்கிட்டயும் எடுக்கியளா அண்ணாச்சி?" என்று சண்டைக்குப் போனேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "வயித்துல கட்டிம்மா. கேன்சருன்னு சொல்லுதாவ. மதுரையில போயி மருந்து ஏத்திட்டு வாரேன். வீட்டுல சரக்குப் பாக்கப் போறதாச் சொல்லியிருக்கேன். ஆவணியில மவளுக்குக் கல்யாணம். அது முடியட்டும், நானே சொல்லிக்கிடுதேன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

சொல்ல மாட்டேன் என்றேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு போனை வைத்தார். அன்றே குறிப்பில் எழுதினேன்: 'மதுரையில் புற்றுநோய் வைத்தியம். வீட்டுக்குத் தெரியாது. ஆவணியில் மகள் கல்யாணம். சரக்கு எடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.' என் இடத்தில் பேசுகிறவள் விவரம் தெரியாமல் அவரை நச்சரித்துவிடக் கூடாதே என்றுதான்.

ஆடி மாதம் முதலாளி, கடைகளுக்குச் செய்தி எழுதிக் கொடுக்கும் ஏஐ உதவியாளர் ஒன்றை வாங்கினார். அதை எங்கள் சி.ஆர்.எம்.மோடு இணைக்க, விற்ற கம்பெனியின் ஆள் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து போன் வழியாக எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பெயர், போன் நம்பர், பழைய ஆர்டர் இவற்றைத் திறந்துவிட்டால் போதும் என்றார் அவர். நான்தான் கேட்கவில்லை.

"வீட்டு விஷயம் தெரியாம இது அண்ணாச்சிமாருகிட்ட என்னத்தப் பேசும்? குறிப்பையும் குடுங்க."

"உள்ள இருக்கிறது எல்லாத்தையும் அது படிக்கும் மேடம்."

"படிக்கட்டுமே" என்றேன்.

அது படித்தது. மறுநாள் காலை ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக வாட்ஸப் செய்தி எழுதி என் முன்னால் வைத்தது. முதல் பத்தைப் படித்துப் பார்த்தேன். நானே எழுதியது போலிருந்தது. பெருமை தாங்கவில்லை, முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மிச்சத்தைப் படிக்காமல், மொத்தமாக அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

ஆழ்வார்திருநகரிக்குப் போன செய்தியைப் பிறகுதான் பார்த்தேன். 'வணக்கம் அண்ணாச்சி. மதுரையில் நடக்கும் புற்றுநோய் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, ஆவணியில் மகளின் திருமணம் சிறப்பாக நடைபெற வாழ்த்துகிறோம். சரக்குக்கு அவசரமில்லை.' எவ்வளவு மரியாதை! எங்களிடம் இருந்தது கடை போனின் நம்பர். அவர் மதுரைக்குப் போகிற நாளில் அந்த போன் அவருடைய மனைவி கையில் இருக்கும். அது எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை.

மத்தியானம் அந்த அம்மா கூப்பிட்டார்.

"உப்பு ஆபீஸ்ல பேசுத பொண்ணு நீதானா?"

"ஆமா மதினி."

"கண்ணாடி இல்லைன்னு மவளப் படிக்கச் சொன்னேன். பாதியிலயே நிறுத்திட்டா. ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசமா மதினி."

அழுவார், ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பக்கத்துலயேதான் படுத்துக் கெடக்கேன். எங்கிட்டச் சொல்லல. மொகம் தெரியாத ஒங்கிட்டச் சொல்லியிருக்காவ" என்றார். வைத்துவிட்டார்.

கோயம்புத்தூர்க்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிஸ்டத்தில் தப்பு எதுவும் இல்லை, கொடுத்ததைத்தான் அது எடுத்திருக்கிறது என்றார். உண்மைதான். அன்றைக்கே குறிப்பை அதனிடமிருந்து மறைத்தேன். யாருக்கு என்ன பிரயோசனம்?

அப்பா இப்படி நோயோடு இருக்கும்போது தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம். கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். அண்ணாச்சியின் பக்கத்துக் கடைக்காரர் ஆர்டர் சொல்லும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எந்தத் தேதியைப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி வலியைப் பொறுத்துக்கொண்டு மதுரைக்கும் ஊருக்கும் அலைந்தாரோ, அந்தத் தேதி என்னால் போயிற்று.

ஒரு வாரம் கழித்துத்தான் அவரைக் கூப்பிடத் தைரியம் வந்தது. போனை அவரே எடுத்தார். மிஷினைப் பற்றி, பொத்தானைப் பற்றி, படிக்காமல் அனுப்பியதைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு அந்த மிஷின் வெவரமெல்லாம் தெரியாதும்மா" என்றார். "நான் ஒங்கிட்டதான சொன்னேன்."