தலைகீழாக நிற்பவருக்கு எந்தப் பாய்?

பாய் விற்பது பெரிய வேலையில்லை. வாங்க வந்தவர் அந்தப் பாயில் என்ன செய்யப் போகிறார் என்பதை அவர் வாயிலிருந்து வரவழைப்பதுதான் வேலை.

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு பாய்க்கடையில் எழுபதுகளில் எட்டு வருடம் நின்றவள் நான். பிள்ளைப்பேற்றுக்குப் பாய், கலியாணப் பந்தலுக்குப் பாய், நெல்லுக் காயவிடப் பாய் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். அந்த நேரத்தில்தான் ஊருக்கு யோகாசனம் வந்தது. இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், மாஸ்ரர் என்றுதான் எல்லோரும் அவரை அழைப்போம், ஒரு வாசிகசாலை மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் வகுப்பு ஆரம்பித்தார். ஆளுக்கொரு பாய் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தும் விட்டார். எந்தப் பாய் என்று சொல்லவில்லை. அது வெளிநாட்டுச் சாமான்கள் கண்ணிலும் படாத காலம். இருப்பதில் நல்லதைத் தேட வேண்டியவள் நான். கடையில் நின்ற எவருக்கும் இந்த வேதனை விளங்கும்: வாங்க வந்தவருக்கும் என்ன வேண்டுமென்று தெரியாது, நமக்கும் தெரியாது, ஆனால் பிழை மட்டும் நம்முடையது.

தலைமாடும் கால்மாடும்

முதலில் வந்தவர் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளை வேட்டி, சால்வை, கையில் குடை. "யோகாசனத்துக்கு ஒரு பாய்" என்றார். நான் கடையிலேயே நல்ல பாயை எடுத்து விரித்தேன். மட்டக்களப்பிலிருந்து வந்த புற்பாய். சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள், ஒரு பக்கத்தில் இரண்டு மயில்கள். மயில் உள்ள பக்கம் தலைமாடு, கரை மடித்த பக்கம் கால்மாடு என்று விளக்கினேன். படுத்தால் எழும்ப மனம் வராது என்றும் பெருமையாகச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். குடையைச் சுவரில் சாத்திவிட்டு மயில்களை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை, எழும்ப மனம் வரவேணும் எண்டுதான் நான் வகுப்புக்கே போறன். அதோடை மாஸ்ரர் என்னைத் தலைகீழா நிக்கச் சொல்லியிருக்கிறார். அப்ப உந்த மயில் எனக்குத் தலைமாடோ, கால்மாடோ?"

புலித்தோல் கேட்டவர்

வேறொருவர் வந்து, பாயே வேண்டாம், புலித்தோல் இருக்கிறதா என்று கேட்டார். சிவபெருமான் அதில்தானே இருக்கிறார் என்பது அவருடைய நியாயம். புலித்தோல் இல்லை என்றதும் மான்தோலுக்கு இறங்கினார். அதுவும் இல்லை என்றதும், இவ்வளவு பெரிய கடையில் ஒரு தோல்கூட இல்லையா என்று என்னிடம் கோபித்தார். நான் ஒருவர் இருக்க மட்டும் போதுமான தடித்த தடுக்கு ஒன்றை எடுத்துவந்து, இருந்து பார்க்கச் சொன்னேன். இருந்தார். எழும்பும்போது முகம் கொஞ்சம் இளகியிருந்தது. அதையே சுருட்டிக் கொண்டு போனார். அவர் வாசலைத் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டிருந்த எங்கள் முதலாளி கதிரவேலர் மெல்லச் சொன்னார்: "கேக்கிற ஆக்களுக்குப் புலித்தோலும் குடுக்கலாம்தான் பிள்ளை; புலியிட்டைக் கேக்கிறது ஆர்?"

நாலு பாய்களோடு ஒரு சனிக்கிழமை

சிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு திங்கட்கிழமை சிரிப்பு அடங்கியது. உடுவிலிலிருந்து வருகிற தையல் ரீச்சர் பரமேஸ்வரி, வலது கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். இரண்டு வாரத்துக்கு முன்னர் நான்தான் அவருக்குப் பனங்குருத்தோலையில் இழைத்த வெள்ளைப் பாய் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன். கையையும் காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்துகிற ஆசனத்தில், பாயோடு சேர்ந்து வழுக்கி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. "அடுத்த மாசம் பிள்ளையளுக்குத் தையல் சோதினை. நான் கத்திரிக்கோல் பிடிக்கேலாமல் நிக்கிறன்" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பாய் வழுக்கினால் கடை என்ன செய்வது என்று முதலாளி பின்னாலிருந்து தொடங்கப் பார்த்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "ரீச்சர், உங்கடை கை பாயிலை வழுக்கினதோ, பாய் நிலத்திலை வழுக்கினதோ?" என்று கேட்டேன். ரீச்சர் யோசித்தார். "பாய்தான். என்னையும் கொண்டு ஓடினது" என்றார். அன்றிரவு கடை பூட்டுமுன் ஒவ்வொரு பாயாகப் புரட்டிப் பார்த்தேன். எட்டு வகைப் பாயை அடுக்கி வைத்துக்கொண்டு, அவற்றின் மேற்பக்கத்தை மட்டும் பார்த்து விற்றிருக்கிறேன். அடிப்பக்கத்தை நான் ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை நாலு வகைப் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வகுப்புக்குப் போனேன். மாஸ்ரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இஞ்சை வந்து பாய் விக்கப் போறீரோ?" என்றார். "இல்லை சேர், பாய் பிழைச்ச இடத்தைப் பாக்க வந்தனான்" என்றேன். "அப்பிடியெண்டால் செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும். பாத்தால் விளங்காது, செய்ய வேணும்" என்றார்.

மண்டபத்து நிலம் சிவப்புச் சீமெந்து. வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கி வைத்திருந்தார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். புற்பாயில் கையை ஊன்றினேன், அது முன்னால் போனது. குருத்தோலைப் பாய் அதைவிட வேகமாகப் போனது. தும்புத் தடுக்கு நிலத்தைப் பிடித்தது, ஆனால் உள்ளங்கையைத் தேங்காய்த் திருவலை மாதிரித் துருவியது. சாக்குப் பாய் கசங்கி ஒரு மூலைக்கு வந்து குவிந்தது. வகுப்பு முழுவதும் ஆசனத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தாலும் விசயம் பிடிபட்டுவிட்டது: அடிப்பக்கம் சொரசொரப்பாக இருந்து நிலத்தைப் பிடிக்க வேண்டும், மேற்பக்கம் கைக்கு இதமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு பாய் எங்கள் கடையில் மட்டுமல்ல, எங்கேயும் இல்லை. நான் மூச்சு வாங்க எழும்பியபோது மாஸ்ரர் வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "சிரிக்கிற ஆக்கள் கேளுங்கோ. இவ ஒரு காலமையிலை நாலு பாயிலை செய்துபோட்டா. நீங்கள் ஆறு மாசமா ஒரு பாயிலையும் ஒழுங்காச் செய்யேல்லை!"

அன்னம்மாவின் கோபம்

எங்கள் கடைக்கு ஓலைப்பாய் இழைத்துத் தருபவர்களில் கைகாரி தென்மராட்சியில் இருந்த அன்னம்மா. அவர் இழைத்த பாயில் எறும்பும் வழுக்கும் என்று முதலாளி சொல்வார். அவரிடம் போய், பாயைச் சொரசொரப்பாக இழைத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். அன்னம்மா கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டார். "ஆரும் என்ரை பாயைப் பிழை சொன்னவையோ? இல்லையெண்டால் ஏன் மோனை என்னை வந்து இப்பிடிக் கேக்கிறாய்?" என்றார். நான் ரீச்சரின் கையைப் பற்றிச் சொன்னேன். அவர் எழும்பிப் போய், கடகப் பெட்டி இழைக்க வைத்திருந்த முற்றிய, சொரசொரத்த சார்வோலையில் ஒரு கட்டு எடுத்துவந்தார்.

மேலே குருத்தோலை, கீழே சார்வோலை. இரண்டு பாய்களையும் ஒன்றாக வைத்துக் கரையைச் சுற்றிப் பின்னி ஒரே பாயாக்கினார். முதல் இரண்டும் சரிவரவில்லை. சுருட்டினால் மேற்பாய் ஒரு பக்கம், கீழ்ப்பாய் ஒரு பக்கம் என்று இழுத்தது. மூன்றாவதற்கு நடுவிலும் இரண்டு வரிசை பொத்தித் தைத்தார். அது நின்றது. பரமேஸ்வரி ரீச்சரின் மணிக்கட்டு தேறியதும் அவரைக் கடைக்குக் கூப்பிட்டு, முன்விறாந்தையின் மினுக்கிய சீமெந்தில் அந்தப் பாயை விரித்தேன். அவர் பயந்து பயந்து கையை ஊன்றினார். இடுப்பை உயர்த்தினார். பாய் அசையவில்லை. முதலாளி காலால் தள்ளிப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. ரீச்சர் முகம் சிவக்க எழும்பி, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். சோதனைக்கு அவருடைய பிள்ளைகள் எல்லோரையும் அவரே ஆயத்தப்படுத்தினார் என்று பிறகு கேள்விப்பட்டபோது, நானே சோதனை எழுதித் தேறியது போலிருந்தது.

அடுத்த மாதம் வகுப்புக்காரர் எல்லோரும் அதே பாயைக் கேட்டு வந்தார்கள். இருபது பாய்க்குச் சொல்லிவிட்டு வரப் போனேன். அன்னம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நாப்பது வருசமா மினுக்கமா இழைச்சு எடுத்த பேரை, சொரசொரப்பா இழைக்கவைச்சு ஒரே மாசத்திலை ரெட்டிப்பாக்கிப்போட்டாய், போ மோனை!"

தவில்காரரின் விரல்

அளவெட்டியிலிருந்து ஒரு தவில்காரர் வந்தார். முழங்காலில் நோ. காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்து மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டுமாம். "முப்பது வருசமா அப்பிடித்தான் இருக்கிறன், இனி அதுக்கு ஒரு வகுப்போ எண்டு மாஸ்ரரைக் கேட்டனான்" என்று சிரித்தார். நான் மூன்று பாய்களை விரித்தேன். அவர் எதிலும் இருக்கவில்லை. குந்தி, ஒவ்வொன்றையும் விரல்களால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நடுவிலிருந்த பாயை அவர் தள்ளி வைத்தார். நான் அதைப் பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உண்மையாகவே நடுப்பகுதியில் இழை தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து நானும் தட்டிப் பார்க்காமல் ஒரு பாயும் விற்றதில்லை. அவர் தள்ளி வைக்கும்போது சொன்னது இதுதான்: "தங்கச்சி, இது வாயைத் திறக்குதில்லை; என்னோடை கதைக்கிற பாயாப் பாத்துத் தாரும்."

எங்கடை பாய், உங்கடை பாய்

மயிலிட்டியிலிருந்து ஒரு சம்மாட்டியார் வந்தார். சொந்த வள்ளத்தில் தொழில் செய்கிறவர். ஆறடிக்கு மேல் உயரம், ஆனால் என் தோளளவுக்குக் குனிந்திருந்தார். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது இடுப்பு நாரி பிடித்து, மூன்று மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. வைத்தியர் சொல்லி, மாஸ்ரர் ஐந்து ஆசனங்கள் காட்டிக் கொடுத்திருந்தார். "பாயும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வள்ளத்தை வித்துப்போட்டு வீட்டிலை கிடக்கிறன்" என்றார் அவர். கூட வந்த மனைவி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, வள்ளம் போனால் இந்த மனிசன் ஒரு வருசம் தாங்காது. நல்லதாத் தாரும்" என்றார். நான் சம்மாட்டியாரை நிறுத்தி அளவெடுத்து, அன்னம்மாவிடம் சொல்லி ஏழடி நீளத்தில் இரட்டைப் பாய் இழைப்பித்துக் கொடுத்தேன். அதைவிட நல்ல பாய் அந்தக் கடையிலிருந்து போனதில்லை.

மூன்றாம் வாரம் மனைவி மட்டும் வந்தார். நோ கூடிவிட்டதாம். என் பெருமையெல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்து மயிலிட்டிக்குப் போனேன். சம்மாட்டியார் வீட்டுக்குள் இடம் போதாமல், முற்றத்தில் பாயை விரித்து ஆசனம் செய்துகொண்டிருந்தார். முற்றம் முழுக்க வெள்ளைக் கடல்மணல். அவர் படுத்த இடத்தில் இடுப்பு புதைந்து குழியாகிக் கிடந்தது. நாரி நிமிர்வதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் வளைந்துகொண்டிருந்திருக்கிறது. பாய் சரி, நிலம் பிழை. சீமெந்தைத் தவிர வேறு நிலம் உண்டென்பது என் நினைவிலேயே வரவில்லை.

"அண்ணை, கீழை விரிக்கத் தடிப்பா, இழுத்தால் இழுபடாமல் நிக்கிற மாதிரி ஏதும் கிடக்கோ?" என்று கேட்டேன். "பாய்தான் கிடக்குது" என்றார். "பாய் நான் தந்தனான்தானே?" என்றேன். அவருக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. "உம்மடை பாய் இல்லை பிள்ளை, எங்கடை பாய்!" என்று கொட்டிலைக் காட்டினார். வள்ளத்தில் கட்டிக் கழித்த பழைய பாய், தடித்த சீலை, அங்கே மடிந்து கிடந்தது. மணலை நனைத்து மூவருமாக மிதித்து இறுக்கினோம். சீலையை நாலாக மடித்து விரித்து, நாலு மூலையிலும் கட்டை அடித்து விறைப்பாக இழுத்துக் கட்டினார். குனிந்த மனிதர்தான், ஆனால் முடிச்சுப் போடும்போது கை என்ன வேகம்! அதற்கு மேல் அன்னம்மாவின் பாய். அவர் படுத்தார். இந்த முறை குழி விழவில்லை. மனைவி அடுக்களை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலு மாதம் ஒரு செய்தியும் இல்லை. ஒரு காலை கடை திறந்து பாய்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாசல் இருண்டது. நிமிர்ந்து பார்த்தேன், இன்னும் கொஞ்சம் நிமிர வேண்டியிருந்தது. சம்மாட்டியார் கதவுநிலையில் தலை இடிக்கிற உயரத்தில் நின்றார். கையில் ஓலையில் சுற்றிய மீன். அதை என்னிடம் நீட்டிச் சொன்னார்: "பிள்ளை, நீ தந்த பாயிலை நிமிர்ந்தன், நான் கட்டின பாயிலை கடலுக்குப் போய் வந்தன், இனி எந்தப் பாய் பெரிசெண்டு நீயே சொல்லு!"

ஆக, எட்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட யோகம் இவ்வளவுதான்: குனிந்து பாயை விரி, நிமிர்ந்து விலையைச் சொல், பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு வாங்க வந்தவரின் வாயைப் பார்.