வேலைநிறுத்தப் பிரெஞ்சு

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் மேல்மாடியில் இருந்த அண்ணை மெலிந்த மனிதர். மீசை மட்டும் பருமன். இங்கே வருமுன் பிரான்சில் ஒரு சிறு நகரத்தில் இருந்தவர். அவ்வூர்த் தொழிலாளர்கள் தொடங்கிய, உலகப்போர்க் காலத்தில் தடைசெய்யப்பட்டு, மறுபடி எழுந்து, கடைசியில் வாசகர் இல்லாமல் மூடப்பட்ட சோசலிச நாளிதழ் ஒன்றின் பழைய பிரதிகளைப் படித்துத்தான் அவர் பிரெஞ்சு கற்றார். அதில் பெரும்பாலும் வேலைநிறுத்தச் செய்திகள். அதனால் மூலைக்கடைப் பெண்ணிடம் பால் கேட்டாலும் "தோழரே" என்றுதான் தொடங்குவார்.

ஒரு சனவரியில் கட்டடத்தின் ஹீட்டர் நின்றுபோனது. வீட்டுக்காரர் நான்கு நாட்களாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. எனக்குப் பிரெஞ்சு போதாது. அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு போய் வீட்டுக்காரரின் கதவைத் தட்டினார். கையை உயர்த்தி இரண்டு நிமிடம் முழங்கினார். வீட்டுக்காரர் வெளிறிப்போனார். மத்தியானத்துக்குள் ஹீட்டர் திருத்தப்பட்டது.

"அண்ணை, அந்தாளிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"நாளைக்குக் காலமை ஒரு சுரங்கத்திலயும் வேலை நடக்காது எண்டு சொன்னனான்."

"ஹீட்டரைப் பற்றி?"

"அந்தச் சொல்லு எங்கட பேப்பரில ஒருநாளும் வரேல்லைத் தம்பி," என்றார் வருத்தத்தோடு.

வீட்டுக்காரர் எந்தச் சுரங்கத்தை நினைத்துப் பயந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.