ஐந்தாம் ஹூட் இழுக்கவில்லை

"சார், அஞ்சாம் ஹூட்டோட பழைய ரிஜிஸ்டரக் குடுங்க."

என் கைடு திருநாவுக்கரசு சாரிடம் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று லேபில் சேர்ந்த அன்றே சீனியர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு வருடம் கேட்கவில்லை. போன திங்கட்கிழமை காலை 10:15க்குக் கேட்டேன். ஏன் என்று சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இதில் ஒரு வார்த்தை கூட நான் சேர்க்கவில்லை.

என் பெயர் வெண்மதி. ஊர் குறிஞ்சிப்பாடி. அப்பா லுங்கித் தறி ஓட்டுகிறார். முதல் பட்டதாரிச் சான்றிதழைக் காட்டிப் படித்து, சிதம்பரத்தில் ஆராய்ச்சி வரை வந்தவள். எங்கள் லேபில் ஆர்கனோபாஸ்பரஸ் வேதியியல். மருந்து, பூச்சிக்கொல்லி, நரம்பை முடக்கும் விஷம் எல்லாம் அந்த ஒரே குடும்பம்தான். விஷம் உடம்பில் ஏறினால் கண்ணீர் கொட்டும், கண்பாவை சுருங்கும், மூச்சு நிற்கும். விஷங்களைத் தொடாமல் வெறும் நீல வெளிச்சத்தில் பாஸ்பரஸையும் கார்பனையும் இணைக்க இப்போது உலகம் முழுக்க வழி தேடுகிறார்கள். சாரும் அதைப் பற்றித்தான் எழுதுகிறார். 'பாதுகாப்பான பாஸ்பரஸ்' என்று தலைப்பு. அவர் எழுதுவார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பழைய விஷங்களோடு மல்லுக்கட்டுவது நாங்கள்.

ஹூட் என்றால் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பெட்டி. உள்ளே கிளம்பும் நச்சுக்காற்றை மொட்டைமாடி மோட்டார் வெளியே இழுக்க வேண்டும். வாரா வாரம் அதன் வாசலில் டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பார்த்து, உள்பக்கம் வளைந்தால் 'இழுக்கிறது' என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் பிடித்துப் பார்ப்பதில்லை. சுவிட்சைப் போட்டுப் பச்சை விளக்கு எரிந்தால் கையெழுத்து. தலைவலி என்றால் டீ குடித்துவிட்டு வரச் சொல்வார்கள். ஐந்தாம் ஹூட் வாசலில் மட்டும் யாரோ ஒட்டிய டிஷ்யூ துண்டு தொங்கும். ஒருநாளும் அது அசைந்ததில்லை. பார்த்துக்கொண்டேதான் நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு மதியம். வெளியே கொளுத்தும் வெயில். லேபில் நான் மட்டும்.

2:40க்கு கரண்ட் போனது. ஹூட்களின் இரைச்சல் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியது. அப்படியொரு நிசப்தத்தை அந்த அறையில் நான் கேட்டதே இல்லை.

2:44. பூண்டு வாடை. பாஸ்பரஸ் சமாச்சாரங்களுக்கு அந்த வாடை உண்டு. ஆனால் நான் எந்தப் பாட்டிலையும் திறக்கவில்லை.

2:46. ஸ்ஸ்ஸ்...

ஐந்தாம் ஹூட்டின் துண்டு அசைந்தது.

உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது.

உள்ளே... வெளியே...

காற்று இல்லை. அது மூச்சு.

கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம். கன்னமெல்லாம் கண்ணீர். கண்ணின் பாவை குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி.

திரும்பினேன். யாருமில்லை.

உள்ளே...

வெளியே...

உள்ளே...

வரவில்லை.

மணி 2:52.

மறு நிமிடம் கரண்ட் வந்தது. ஐந்தாம் ஹூட்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய ரிஜிஸ்டரில் அன்றைய வரி நிரம்பியிருந்தது. '2:52. இழுக்கவில்லை.' விரலால் தொட்டேன். மை ஒட்டியது.

திங்கள் காலை அந்தப் பக்கத்தை அட்டெண்டர் மரியலூர்து அண்ணனிடம் காட்டினேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது பிரிசில்லா எழுத்தும்மா."

பெயர் எனக்குத் தெரியும். இதே லேபில் ஆராய்ச்சி செய்த கடலூர் முதுநகர்ப் பெண். எட்டு வருடத்துக்கு முன் காதல் தோல்வியில் பூச்சி மருந்து குடித்துச் செத்தவள் என்று ஹாஸ்டலில் கதை கதையாகப் பேசுவோம். அண்ணன் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். நாலு மோட்டார்கள் ஓடின. ஐந்தாவதன் இடத்தில் துருப்பிடித்த போல்ட்டுகளும் ஒரு புறாக்கூடும்.

"அந்தப் பொண்ணு செத்த வாரமே கழட்டிட்டாங்க. வேற வாங்கவே இல்ல."

அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

சார் சிரித்தார். "மூணு மாசத்துல தீசிஸ் குடுக்கப்போற. உங்கப்பா எவ்ளோ கஷ்டப்பட்டு..."

"எங்கப்பா பேச்சு வேணாம் சார்."

"பிரிசில்லா ஹாஸ்டல் ரூம்ல மருந்து குடிச்சிது. டாக்டரே ஆர்கனோபாஸ்பரஸ்னுதான் எழுதுனாரு."

"அது நம்ம லேப்லயும்தான் இருக்கு."

அண்ணன் உள்ளே வந்து தன் சாவியால் பீரோவைத் திறந்தார்.

"ரூம்ல இல்லீங்கய்யா. ஹூட்டுகிட்டதான் விழுந்துச்சு. நான்தான தூக்கிட்டு ஓடுனேன். இந்த மாசத்தோட எனக்கு ரிடையர்மென்ட். என்ன பண்ணிருவீங்க?"

ரிஜிஸ்டரை என் கையில் வைத்தார். புரட்டினேன். அவளுடைய கடைசி வரி. அதே எழுத்து. '2:52. இழுக்கவில்லை.' அடுத்த வாரத்து வரியில் சார் கையெழுத்து. 'இழுக்கிறது.' அதற்குக் கீழே யார் யாரோ, கடைசிப் பக்கம் வரை, 'இழுக்கிறது'. அடுத்த ரிஜிஸ்டரில் நான்.

அவள் வரிக்குப் பக்கத்தில், குறிப்பு எழுதும் கட்டத்தில், பொடிப்பொடியாக இன்னும் ஏதோ இருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் படித்தேன்.

'வாசலில் துண்டு ஒட்டியிருக்கிறேன். அடுத்து வருபவர் தயவுசெய்து அதைப் பார்க்கவும்.'

நாலு வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்த துண்டு.

முதுநகரில் அவள் அம்மா, மகள் மருந்து குடித்துச் செத்தாள் என்றே இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாளாம். கடலூர் பஸ் 11 மணிக்கு. இரண்டு ரிஜிஸ்டரையும் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டேன். பின்னால் சார் என் தீசிஸ் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் படியிறங்கிவிட்டேன்.