காலிக்குடம் எதிரே வந்த நாள்

என் நைனாவுக்குச் சகுனம் என்றாலே இளக்காரம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பூனை குறுக்கே போனால், "பாவம், அதுக்கு இன்னிக்கு இன்னா ஆவப்போவுதோ" என்று சிரித்துவிட்டு ஷிப்டுக்கு நடப்பார். மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கக் கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லைன் முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார். கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குகிறவன் தும்மலுக்கும் பயப்படுவான். அதிலும் புறப்படும்போது காலிக்குடம் எதிரே வந்துவிட்டால் போச்சு. வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவான். துரைமாரும் இதில் மட்டும் தலையிடுவதில்லை. முன்பு ஒருமுறை அதட்டி இறக்கிவிட்டு, அன்றைக்கே பாறை சரிந்து, பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

எங்கள் லைனுக்கு இருந்தது ஒரே கிணறு. மேட்டில் இருந்த மில்லில் கல்லை இடித்துப் பொன் எடுத்த பிறகு மிஞ்சும் சேறு அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்ததும், கிணற்றுத் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது. குடித்த பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. எதிர்வீட்டில் ஒரு குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தார்கள். என் தம்பி அப்போது கைக்குழந்தை, அவனும் துவண்டு கிடந்தான். துரைமார் பங்களாவுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோன இரும்புக் குழாயோ எங்கள் தட்டி வீடுகளை உரசிக்கொண்டுதான் போனது. அதில் ஒரு மூட்டு கசியும். அங்கே கொட்டாங்கச்சியை வைத்து, சொட்டுச் சொட்டாகப் பிடித்துத்தான் அம்மா தம்பிக்குக் கொடுத்துவந்தாள். ஒருநாள் கம்பெனி ஆள் வந்து அந்தக் கசிவையும் அடைத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு வந்ததே அத்தைக்குக் கோபம்! நைனாவின் அக்கா அவள். மில்லில் கல் பொறுக்கும் வேலை. அந்த இரைச்சலில் பேசிப் பேசி, ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். லைனுக்கு ஒரு குழாய் வேண்டும் என்று ஆம்பிளைகள் ஏற்கெனவே மேஸ்திரியிடம் கேட்டாயிற்று. "ஆவட்டும், பாக்கலாம்" என்பதோடு சரி. வேலைக்கு இறங்கமாட்டோம் என்று சொல்லவும் வழியில்லை. முதலில் வாயைத் திறந்தவனின் சட்டிபானை தெருவுக்கு வந்துவிடும்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக நுழைந்தாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஒரே நாளில் இத்தனை வீட்டுக்குள் நான் போனதே கிடையாது. எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். காலைச் சங்கு ஊதியதும் காலிக்குடத்தோடு, கூண்டு இறங்கும் ஷாப்டுக்குப் போகிற பாதையில் வந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான். சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீடுகளில் ஓர் அக்கா தயங்கினாள்.

"எங்களுக்குச் சகுனம் பாக்கறது பாவம்ங்க."

"நீ பாக்க வாணாம்மா. கொடத்த இடுப்புல வச்சிக்கினு சும்மா நில்லு. பாக்கறவன் பாத்துக்குவான்."

இன்னொருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். தன் கையாலேயே புருஷனுக்குக் கெட்ட சகுனம் காட்டுவதா என்று. அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திரும்பிப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டா தோஷம் போயிடும் இல்ல?"

"போயிடும்."

"தண்ணி எங்க கீது?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளே எங்களோடு அடுத்த வீட்டுக்கு வந்தாள். லைனின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் பின்னால் ஒரு கூட்டமே இருந்தது. அன்று சாயங்காலம் அத்தையும் நைனாவும் வீட்டுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பேசினார்கள். அத்தை தாழ்ந்த குரலில் பேசி நான் பார்த்தது அன்றுதான். வழக்கமான அக்கா தம்பி சண்டை என்று நினைத்து விளையாடப் போய்விட்டேன்.

விடிந்தது. சங்கு ஊதியது. அடேயப்பா, எத்தனை குடம்! மண்குடம், பித்தளைக்குடம், வாய் உடைந்த குடம், எல்லாம் காலி. பாதைக்கு இரண்டு பக்கமும் பெண்கள். வேதக்கார அக்காவும் அவள் மாமியாரும்கூட வந்திருந்தார்கள். அத்தை என் இடுப்பில் ஒரு சின்னக் குடத்தைத் திணித்து எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினாள். எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. ஏனென்றால் ஷிப்டுக்காரர்களில் முதலில் நடந்து வருகிறவர் என் நைனா. அவர் சிரித்துவிட்டுத் தாண்டிப் போனால் எல்லாரும் பின்னாலேயே போய்விடுவார்களே! தம்பிக்குத் தண்ணீர் வராதே!

நைனா வந்தார். என் எதிரே நின்றார். குனிந்து குடத்துக்குள் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. நெற்றியில் வியர்வை.

"காலிக்கொடம். திரும்புங்கடா" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகத் திரும்பி நடந்தார்.

ஷிப்டு மொத்தமும் அவர் பின்னால் திரும்பியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாள் வாய் கிழியப் பேசியவர், மகள் கையில் இருந்த குடத்துக்கா இப்படிப் பயந்துவிட்டார்?

வெயில் ஏறியது. கூண்டு காலியாகத் தொங்கியது. துரை குதிரையில் வந்து, ஏன் யாரும் இறங்கவில்லை என்று கேட்டார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை, துரை. சகுனம் சரியில்லை, ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் வந்துவிடுவார்கள். ஆனால் லைனில் குடிக்கத் தண்ணீர் இல்லை. துரை திரும்பி நாங்கள் நின்ற பாதையைப் பார்த்தார். குடத்தோடு நிற்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மத்தியானத்துக்குள், அடைத்த ஆளே வந்து அந்த மூட்டைப் பிரித்துவிட்டான். தண்ணீர் பீச்சியடித்தது. பிள்ளைகளெல்லாம் அதில் குதித்தோம். அம்மா அழுதுகொண்டே முதல் குவளையைத் தம்பிக்குக் கொண்டு ஓடினாள். ஆம்பிளைகள் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் இறங்கப் போனார்கள். சில நாளில் அங்கே நல்ல குழாயே வைத்தார்கள். தம்பி பிழைத்துக்கொண்டான்.

"நைனா, நெஜமாவே பயந்துட்டியா?" என்று அன்று ராத்திரி கேட்டேன்.

"ஆமாம்மா. ரொம்ப பயமாத்தான் இருந்துச்சு" என்றார்.

அடுத்த வாரமே அவரை மட்டும் ரொம்ப ஆழத்தில், புழுக்கம் தாங்காத லெவலுக்கு மாற்றிவிட்டார்கள். என் குடத்தின் தோஷம்தான் அவரைப் பிடித்துவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். அதன் பிறகு அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தக் குழாய்க்கு ஓடி, குடம் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நிற்பேன். நைனா ஒரு கை அள்ளிக் குடிப்பார். என் தலையைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். சகுனத்தை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு அப்போது ஒரே சந்தோஷம்.