அயனி மரத்து வாவல்கள்

கல்லூரி முடித்த கையோடு நான் ஒரு வருடம் வாவல் பார்க்கப் போனேன். வெளியில் யாராவது கேட்டால் 'இன்டர்ன்ஷிப்' என்பேன், கொஞ்சம் கனமாக இருக்கட்டுமே என்று. டவுன் பிள்ளைகளுக்கு அவர்கள் தெருவிலேயே இருக்கும் மரத்தையும் பறவையையும் காட்டிக் கொடுக்க, நாகர்கோவிலில் ஒரு சிறிய அமைப்பு எங்களைப் போன்ற நாலைந்து பேரை எடுத்திருந்தது. என்னோடு சேர்ந்த ஒருத்திக்குச் சுசீந்திரம் குளம் கிடைத்தது. கூழைக்கடாவைக் காட்டினால் போதும், பிள்ளைகள் வாயடைத்து நிற்கும். எனக்கு மார்த்தாண்டம். பஸ்சையும் லாரியையும் விட்டால் அங்கே என்ன ஜீவராசி இருக்கிறது என்று எரிச்சல் பட்டேன்.

இருந்தது. எங்கள் சபையின் தேவாலய வளாகத்திலேயே, பைக் நிறுத்தும் இடத்தை ஒட்டி நின்ற அயனி மரத்தில். நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள். எங்கள் பக்கம் வாவல் என்போம். சின்ன வயது முதல் ஞாயிறுதோறும் அதன் கீழே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்ததோடு சரி, ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பிரசங்கம் நீண்டுபோனால் அதுகள் கத்தத் தொடங்கும். "அதுகளுக்கும் பசிக்குது" என்று அப்பா என் காதில் சொல்லுவார்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி வந்து அந்த மரத்தின் எதிரே நிறுத்துவேன். எங்களுக்கு இருந்தது ஒரே சட்டம்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். கீழே எது விழுந்து கிடந்தாலும் தொடக்கூடாது, பெரியவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். வெயில் ஏறினால் வாவல்கள் இறக்கையை விசிறியாக்கி வீசிக்கொள்ளும். தேவாலயத்துக்குப் பின்வீட்டுச் சிறுமி ஒருத்தி, மூன்றாம் வகுப்பு, ஒரு வாரமும் தவறமாட்டாள். "அக்கா, அதுக்கும் வேர்க்குமா?" என்று கேட்டவள் அவள்தான். வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு அடுத்த வாரம் சொன்னேன்.

அப்பாவுக்கு டவுனில் ஹார்டுவேர் கடை. ஒருநாள் கடையை வேலைக்கு நிற்கும் பையனிடம் விட்டுவிட்டு வந்து என் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். பார்த்தார், பார்த்தார், திருப்பித் தரவே இல்லை. "ஒரு தள்ளைக்க நெஞ்சில குட்டி ஒட்டிக் கெடக்கு பிள்ளே" என்றார். அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எனக்க மக வாவல் டீச்சராக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த மே மாதக் கடைசியில் கேரளத்தில் நிபா காய்ச்சல் வந்தது. எங்கள் வீடுகளில் காலை முதல் ராத்திரி வரை ஓடுவது மலையாளச் செய்தி. வாவல்களிடமிருந்து பரவுவது என்று சொல்லி, திரையில் வாவல் படத்தைப் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, ஆனாலும் சந்தையில் மாம்பழம் விலைபோகவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. மரத்தை வெட்ட வேண்டும் என்று சபையில் பேச்சு கிளம்பியது.

அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். அவரை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். அதுகள் கடித்த பழத்தைத் தின்னாமலும் அதுகளைத் தொடாமலும் இருந்தால் போதும். மரத்தை வெட்டினால் நாலா பக்கமும் சிதறிப் போகும், அது இன்னும் மோசம். குட்டிகள் இருக்கும் நேரம் வேறு. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் பேசுதேன் மக்ளே" என்றார். அவர் பேசினால் கேட்கிறவர்கள் அங்கே உண்டு. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. நான் வெளியே காத்து நின்றேன். வெயிலுக்கு வேறு எங்கே நிற்பது? மரத்தடியில்தான் நின்றேன். கதவு திறந்து வந்த அப்பா என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். வெட்டலாம் என்று முதலில் சொன்னதே அவர்தான் என்பது மற்றவர்கள் பேசிக்கொண்டு போனதில் தெரிந்தது.

வீட்டில் சண்டை போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. எல்லாம் கேட்டுவிட்டு அப்பா மெதுவாகச் சொன்னார். "பேசத்தான் எந்திச்சேன். ஜன்னல் வழியா பாத்தா, நீ மரத்துக்க மூட்டுல நிக்க. மேல முழுக்க அதுகளு. எனக்கு ஒரு மகளாக்கும் உள்ளது."

அதற்கு மேல் அவரோடு எப்படிச் சண்டை போட?

சனிக்கிழமை வெட்டினார்கள். போகக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார், போனேன். முதலில் வெடி போட்டார்கள். பட்டப்பகலில் அத்தனையும் எழும்பி, கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்துக்கு மேலே வட்டம் போட்டன. சந்திப்பில் சனங்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டு ஓடினார்கள். சின்னக் குட்டிகளைத் தாய்கள் நெஞ்சோடு கொண்டு போய்விட்டன. கொஞ்சம் வளர்ந்த, பறக்கத் தெரியாத குட்டிகளைக் கிளையிலேயே விட்டுப் போயிருந்தன. மரம் சாய்ந்தபோது அவையும் சாய்ந்தன.

நான் சுவர் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தேன். பின்வீட்டுச் சிறுமி என்னைத் தேடி வந்தாள். கையைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"அக்கா, எங்க முத்தத்துல ஒரு குட்டி கெடக்கு. உயிரு இருக்கு. நான் தொடல்ல. பெரியவங்கள்ட்ட சொல்லணும்னு சொன்னீங்கல்லா, அதான் உங்கள்ட்ட சொல்லுதேன்."

போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலம் கூட இல்லை, பறக்கும்போது தாயின் நெஞ்சிலிருந்து நழுவி விழுந்திருக்க வேண்டும். நரி முகம். வாயைத் திறந்து திறந்து மூடியது. எங்கள் அமைப்பின் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். கையுறை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புகிறேன், அதுவரை தொடாதே என்றார். நாகர்கோவிலிலிருந்து அவர் வர வேண்டும். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். "இப்ப என்ன செய்யணும் அக்கா?" என்று அவள் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், "ஆள் வருது" என்றேன். அது கொஞ்ச நேரத்தில் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டது.

தேடிக்கொண்டு வந்த அப்பா, முற்றத்தில் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"தொட்டியா மக்ளே?"

"இல்லப்பா."

அவர் என் இரண்டு கைகளையும் முன்னால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நல்ல காரியம்" என்றார்.