மாமா வாயில் பனங்கற்கண்டு

என் அம்மாவுக்கு ஒரே தம்பி, எனக்கு ஒரே மாமா. அவர் நல்ல பந்தாட்டக்காரர். ஆனால் எங்கள் ராஜபாளையத்தில் அவருடைய காலைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எல்லாரும் வாயைப் பற்றித்தான் பேசினார்கள்.

பேசும்படியாகத்தான் அவரும் நடந்துகொண்டார். நடுவர் தப்பாக விசில் ஊதினால் நேரே போய் முகத்துக்கு எதிரே சொல்லிவிடுவார். ஒருமுறை தன் அணிக்குக் கிடைத்த பெனால்டியையே, "அது ஃபவுலே இல்ல சார், நம்ம பய தானா விழுந்தான்" என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். எதிர் அணி சிரித்தது. சொந்த அணி அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. கோவில் திருவிழாக் கூட்டம், பஸ் கண்டக்டர், எழவு விழுந்த துஷ்டி வீட்டுப் பந்தல்காரர் என்று அவர் மல்லுக்கு நிற்காத இடம் கிடையாது. ஊரில் அவருக்கு வாய்க்காரன் என்று பேர். நாலாம் வகுப்பில் படித்த எனக்கு, வாய்க்காரன் மருமகள் என்று பேர். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் பெஞ்சில் உட்கார முடியாமல் நெளிவேன்.

அந்தப் பேரை வைத்துக்கொண்டு மாமாவுக்குப் பெண் தேடி அம்மா அலுத்துப் போயிருந்தாள். சனிக்கிழமைதோறும் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவள் ஜெபம் வீண் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா அங்கே மாதா கோவில் திருவிழாக் குழுவுக்குத் தலைவர். திருவிழாவுக்குப் பந்தாட்டப் போட்டி நடத்துகிறவரும் அவர்தான். அந்தப் போட்டியில் மாமாவின் அணி பைனலுக்கு வந்திருந்தது. நிதானமான மனிதர். சுற்றி வளைக்காமல் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"பையன் வாயப் பத்தி ஒரு மாதிரி சொல்லுதாவ. பைனல் அன்னிக்கு நானே பாக்கேன். ஒழுங்கா ஆடிட்டுப் போனா மறுவாரம் உறுதி பண்ண வாங்க."

பெண்ணின் போட்டோ எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. அந்த நாட்களில் மாமா வீட்டுக்கு வந்தால் முதலில் மாதா படத்துக்கு முன்னால் போய் நிற்பார். அவர் அம்புட்டு ஜெபம் பண்ணி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

இங்கே கோலி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவின் அணியில் கோல் காத்தவர் அவர். மம்சாபுரத்துக்காரர். அவருடைய அம்மா கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அண்ணன் ராணுவத்தில் சேருவதற்காகத் தினமும் நன்றாக விடிந்த பிறகு ஓடிப் பழகிக்கொண்டிருந்தார். கேட்டால்தான் பேசுவார், அதுவும் பாதிதான் காதில் விழும். அவரையும் மாமாவையும் சேர்த்துப் பார்க்கிற எவருக்கும் அண்ணன் மேல் இரக்கம் வரும். ஏனென்றால் மாமா அவரைப் படுத்திய பாடு அப்படி.

சாயங்காலப் பயிற்சியை யாருடனாவது சண்டை போட்டுப் பொழுது சாயுமுன்பே மாமா முடித்துவிடுவார். பிறகு மொபட்டின் பின்னால் என்னை உட்கார வைத்துக்கொண்டு மம்சாபுரம் ரோட்டில் போவார். அண்ணன் சைக்கிளில் பின்னாலேயே வரவேண்டும். மாமா ஆமை மாதிரி ஓட்டுவார். யாருமில்லாத ரோட்டில் ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பார். வாயும் ஓயாது.

"ஏலே, எடது பக்கம் வாலே. பள்ளம் கிடக்கு. எருமை நிக்குலே, பிரேக்கப் பிடி. எங்க போற, ஒட்டி வாலே."

வயலிலிருந்து திரும்புகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒரு பெரியவர் வாய்விட்டே கேட்டார், "ஏம்ப்பா, அந்தப் பயலுக்கு சைக்கிள் ஓட்டக்கூட நீதான் சொல்லணுமா?" மாமா அவரையும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஹாரனை அடித்தார். பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துவிடும். வீட்டுக்குப் போகவேண்டும் என்று சிணுங்குவேன்.

இன்னொரு தொல்லை, முருங்கைக்கீரை. நாள் தவறாமல் மாமா வந்து அம்மாவிடம் கீரை பொரித்துத் தரச்சொல்லித் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்டு ஈரல் வாங்கி வந்து வறுக்கச் சொல்வார். உருவி உருவி அம்மாவுக்குக் கை பச்சையாகிவிட்டது. "எம்புட்டுக் கீரைதாம்லே திம்ப?" என்பாள். "ஆடுறவனுக்குத் தெம்பு வேணும்லக்கா" என்பார் மாமா.

பைனல் அன்று காலையில் அம்மா அவரை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். பனங்கற்கண்டு டப்பாவிலிருந்து பெரிய கட்டியாக ஒன்றை எடுத்தாள்.

"ஆட இறங்கும்போது இத கன்னத்துல அடக்கிக்க. இது வாய்ல கிடக்குற வரைக்கும் பேசக்கூடாது. மாதா சாட்சி."

"நான் என்னக்கா கைக்குழந்தையா?"

"கைக்குழந்தைன்னா அழ மட்டும்தான் செய்யும். நீ பேசுவியே."

கரைந்தால் அடுத்ததைக் கொடுப்பதற்காக மிச்சக் கட்டிகளைத் தாளில் மடித்து என் கையில் கொடுத்தாள். கோட்டோரம் நிற்பது என் வேலை. 

மூன்று மணிக்கு ஆட்டம் என்று சொல்லியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. வீரர்கள் வெயிலில் நின்றார்கள். மாமா கன்னத்தில் கற்கண்டோடு மேற்கே பார்ப்பதும், பந்தலைப் பார்ப்பதுமாக இருந்தார். எங்கள் பக்கம் மேற்கே மலை. சூரியன் அதற்குப் பின்னால் இறங்கிவிட்டால் சட்டென்று இருட்டும். விருந்தினர் ஒருவழியாக வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். பெண்ணின் அப்பா மைக்கைப் பிடித்து வரவேற்றார், விருந்தினர் ஏற்புரை சொன்னார், பிறகு வீரர்களின் கையைக் குலுக்கினார். மாமா என்னிடம் வந்து கையை நீட்டினார். இரண்டாவது கட்டியைக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் பல்வலிக்காரர் மாதிரி இருந்தது.

முதல் பாதி நல்லபடியாகப் போனது. மாமா ஒரு கோல் போட்டார். நடுவர் ஒரு தப்பு செய்தபோதுகூட வானத்தைப் பார்த்துவிட்டு நடந்துவிட்டார். பந்தலுக்குள் பெண்ணின் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். பெண்கள் பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்கு உடம்பே லேசானது. இடைவேளையில் இன்னொருவர் பேசினார். அவரும் சீக்கிரம் முடிக்கவில்லை.

இரண்டாம் பாதியில் பந்து சாம்பல் நிறமாகிவிட்டது. இருந்தாலும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. தூரத்திலிருந்து ஒருவன் மெதுவாக, உருட்டிவிட்டதுபோல ஒரு பந்து அடித்தான். சின்னப் பிள்ளை தடுத்துவிடும். கோலி அண்ணன் அசையவில்லை. பந்து அவர் காலுக்குப் பக்கத்தில் போய் வலைக்குள் விழுந்த பிறகுதான் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

 கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "ஏலே கோலி, பந்து எந்தப் பக்கம் போச்சுன்னாவது தெரியுமா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். "தூங்கிட்டானா, இல்ல வேற எதுவுமா?" என்று இன்னொரு குரல். எல்லாத் தலையும் கோலி அண்ணன் பக்கம் திரும்பியது.

மாமா ஓடி வந்தார். என் உள்ளங்கையை விரித்து, வாயிலிருந்த கற்கண்டை அதில் துப்பினார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்து அவர் பந்தலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெண்ணின் அப்பாவுக்கு நேர் எதிரே.

"மூணு மணி ஆட்டத்த இந்நேரம் வரைக்கும் இழுத்தது யாரு? போர்வையப் போத்திப் போத்தியே பொழுத இருட்டாக்கிட்டீய. பந்து விளையாடக் கூப்பிட்டீயளா, பிரசங்கம் கேக்கக் கூப்பிட்டீயளா?"

"தம்பி, மரியாதையாப் பேசணும்" என்றார் பெண்ணின் அப்பா. முகம் சிவந்துவிட்டது. விருந்தினர் எழுந்துவிட்டார்.

"மரியாதை மைக்குல கிடக்கு. இருட்டுல இதுக்குமேல ஆட முடியாது."

"நீ யாருலே சொல்ல?" என்று பந்தலுக்குள்ளிருந்து ஒருவர்.

"வாய்க்காரன். கேள்விப்பட்டதில்லையா?"

நடுவர் சிவப்பு அட்டையை எடுத்தார். கூட்டம் முழுக்க மாமாவைச் சுற்றிக்கொண்டது. செல்போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். சட்டையைப் பிடித்தார்கள். மாமா அதற்குள்ளிருந்தும் கத்திக்கொண்டிருந்தார். நான் கையை மூடியபடி அழுதேன். அந்தக் கண்ணீருக்கு நடுவே, கோல் கம்பத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு கோலி அண்ணன் தனியாக நிற்பது தெரிந்தது. ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "ஏலே, அங்கனயே நில்லு. நான் வாரேன்."

ஆட்டம் அத்தோடு நின்றது. கோப்பை ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்குப் போனது. பஸ்ஸில் மாமா கோலி அண்ணனின் கையைக் கெட்டியாகப் பிடித்து ஏற்றினார், போலீஸ்காரர் கைதியை ஏற்றுவதுபோல. "பாவம் அந்தப் பய, இவன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கான்" என்றாள் ஒரு அம்மாள். எங்கள் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிரித்து, ஒட்டிக்கிடந்த கற்கண்டைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். மாதாவுக்குக் கொடுத்த வாக்கு உடைந்துவிட்டதா என்று கேட்டேன். "வாய்ல கிடக்குற வரைக்கும் பேசலையே" என்று மட்டும் சொன்னாள்.

மாமா கத்தியது ஊர் முழுக்கச் செல்போனில் ஓடியது. எங்கள் பள்ளிக்கூட வேன் டிரைவர்கூட வைத்திருந்தார். அதில் மாமா இருந்தார், பந்தல் இருந்தது. கோலி அண்ணன் இல்லை, உருண்டு போன அந்தப் பந்தும் இல்லை. அந்த கோல் எப்படி விழுந்தது என்று எங்கள் ஊரில் யாருமே பேசவில்லை.

மறுவாரம் அம்மா பெண்ணின் போட்டோவைத் தாளில் சுற்றித் திருப்பி அனுப்பினாள். அன்று சாயங்காலம் மாமா வந்து மாதா படத்துக்கு முன்னால் நின்றார். பழக்கத்தில் கை படத்துக்குப் பின்னால் போனது, வெறுங்கையாகத் திரும்பியது. சிலுவை போட்டுக்கொண்டு, கீரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வருஷம் என் சின்னவன் பொழுது சாய்ந்தால் வாசல்படியில் இடறி விழ ஆரம்பித்தான். டாக்டர் மாலைக்கண் என்றார். மாத்திரை எழுதிவிட்டு, முருங்கைக்கீரையும் ஈரலும் கொடுங்கள், சில மாதத்தில் தெளிந்துவிடும் என்றார். அன்று கீரையை உருவிக்கொண்டிருக்கும்போது என் கை அப்படியே நின்றுவிட்டது. ஆண்டவரே என்றேன். மொபட், ஹாரன், எருமை நிக்குலே, தூக்குவாளி, கம்பத்தில் வைத்த கை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

மாமாவுக்கு போன் போட்டேன். அவருக்குப் பிறகு கான்சாபுரத்தில் பெண் அமைந்தது. அத்தை அவருக்கு மேலே பேசுவாள், அதனால் வீடு நல்லபடியாக நடக்கிறது.

"ஏட்டி, புள்ளைக்குக் கீரையக் குடு. பழச எதுக்குக் கிண்டுத?" என்றார். நான் விடவில்லை. அப்புறம் சொன்னார். "அன்னைக்கு அத்தன பேரும் அவனையே பாத்தாவல்ல. மாலைக்கண்ணுன்னு ஒரு வார்த்த கிளம்பியிருந்தா, பட்டாளத்துக்குப் போனாலும் அந்தப் பேரு போகாது. எனக்கு இருந்த பேருக்கு இது ஒண்ணும் கூடாது குறையாது."

இதைச் சொன்னவர் இன்னொன்றைச் சொல்லவில்லை. அது நடந்தபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பைனல் முடிந்து வெகு நாளாகியிருந்தது. கோலி அண்ணனுக்குக் கண் தெளிந்து, ராணுவத்தில் கண் சோதனை உட்பட எல்லாம் தேறி, முதல் லீவில் வந்திருந்தார். ஒரு மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலைவர், அந்தப் பெண்ணின் அப்பா, எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவும் இருந்தார். தலைவர் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மம்சாபுரத்து கோலிப் பையன எங்க பொண்ணுக்குப் பாக்கோம். அன்னைக்கு அந்தக் கலவரத்துலயும் அவன் எம்புட்டு அமைதியா நின்னான். உங்களுக்கும் எனக்கும் ஆகாதுதான். ஆனா உங்க வாய்ல பொய் வராதுன்னு ஊரே சொல்லுது. கூட ஆடுனவுக நீங்க. அவன்கிட்ட குறை ஏதும் உண்டா தம்பி?"

காப்பி கொண்டுவந்த அம்மா அடுக்களை வாசலிலேயே நின்றாள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற மாமா அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"அக்கா, அந்தக் கற்கண்டு டப்பாவ எடு" என்றார்.

அம்மா எடுத்துக் கொடுத்தாள். மாமா ஒரு கட்டியை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். பிறகு தலைவரை நிமிர்ந்து பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினார். தலைவர் நிம்மதியாக எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அம்மா அடுக்களைக்குள் திரும்பிக்கொண்டாள்.

விருந்தாளி போன பிறகும் மாமா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. டப்பா திறந்திருந்தது. எனக்கும் ஒன்று வேண்டும் என்று கை நீட்டினேன். வைத்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்குள் அது கரைவதற்குக் காத்திருந்தோம். என்னுடையது சீக்கிரம் கரைந்துவிட்டது.